கன்றுக்குட்டி மேல் விழுந்த பழி

குழந்தைகளே, பிப்ரவரி மாதம் வந்தால் பள்ளியில் ஒரு மாத்திரை கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? "நல்லா மென்னு சாப்பிடணும்" என்று சொல்லி, நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை டீச்சர் எதிரிலேயே நிற்பார். அதுதான் குடற்புழு நீக்க மாத்திரை. 2015ஆம் ஆண்டு தொடங்கிய குடற்புழு நீக்க நாள் இப்போது நாடு முழுவதும் நடக்கிறது. 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. சின்னக் குழந்தைகளுக்குப் பாதி.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, அப்படி ஒரு மாத்திரை நாளில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், எங்க தம்பியும் அங்கன்வாடில பாதி மாத்திரை சாப்பிட்டானுங்க. அப்பறமும் அவனுக்கு அடிக்கடி வயித்தால போகுதுங்க. கட்டுத்தறில இருக்கற கன்னுக்குட்டிகிட்ட இருந்துதான் ஒட்டுதுன்னு அம்மிச்சி சொல்றாங்க. மாட்டையும் கன்னையும் சந்தைக்கு ஓட்டிடுவாங்களாட்ட இருக்குதுங்க."

சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர். தம்பிக்காகவா, கன்றுக்காகவா? இரண்டுக்குமாகத்தான்!

"விசாரிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றேன். விசாரித்தேன். அது பெரிய துப்பறியும் கதையாகவே நீண்டது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வாடகை தராத குடித்தனக்காரர்கள்

நம் குடலுக்குள் வந்து குடியிருந்து, நம் உணவையும் சத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் உயிர்களை ஒட்டுண்ணிகள் என்கிறோம். இவற்றில் இரண்டு கூட்டம் உண்டு.

முதல் கூட்டம் புழுக்கள். பாட்டிமார் நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்று சொல்வார்களே, அவைதான். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பள்ளியில் கொடுக்கும் மாத்திரை இந்தக் கூட்டத்தை விரட்டுவதற்காகத்தான்.

இரண்டாவது கூட்டம் கண்ணுக்கே தெரியாது. ஒரே ஒரு செல்தான் அவற்றின் முழு உடம்பும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்று பெயர்கள். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் வயிற்றில் சுலபமாக நுழைந்துவிடும்!

ஜியார்டியாவை முதலில் பார்த்தவர் யார் தெரியுமா? நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் இருந்த ஒரு துணி வியாபாரி, ஆன்டனி வான் லீவன்ஹூக். நம் கோவை, திருப்பூர்க்காரர்கள் நூலின் தரத்தைப் பார்ப்பதுபோல, அவரும் துணியின் இழைகளைக் கண்ணாடி வில்லை வைத்துப் பார்ப்பார். பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் வில்லையில் பார்க்கத் தொடங்கினார். 1681இல் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. அப்போது தன் மலத்தையே எடுத்துப் பார்த்தார்! அதில் குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. முகம் சுளிக்காதீர்கள். அருவருப்புப் படாமல் அவர் பார்த்ததால்தான் நமக்கு விஷயம் தெரிந்தது.

மறைந்திருக்கும் வித்து

நம் கதையில் முக்கியமான ஆள் கிரிப்டோஸ்போரிடியம். 'மறைந்திருக்கும் வித்து' என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1907இல் டைசர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஓர் எலியின் வயிற்றில் கண்டார். மனிதர்களுக்கும் இது வரும் என்பது 1976இல்தான் தெரிந்தது. அத்தனை ஆண்டுகள் நம்மோடு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறது!

இது ஓர் ஓட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு பயணம் செய்யும். அந்த ஓட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் 200 பேர் வரிசையாக நிற்கலாம்.

இந்த ஓடு மிகவும் கெட்டி. குடிதண்ணீர்த் தொட்டியில் போடும் குளோரினுக்குச் சாகாது. கொரோனா காலத்தில் கையில் தேய்த்தோமே சானிடைசர், அதற்கும் அசையாது. ஆனால் நன்றாகக் கொதித்த தண்ணீரில் செத்துவிடும். நம் அல்பெண்டசோல் மாத்திரையும் இதை ஒன்றும் செய்யாது. அது புழுக்களுக்கான மருந்து அல்லவா?

பெரியவர்களுக்கு இது வந்தால் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ, எடை குறைவான குழந்தைகளுக்கோ வந்தால் ஆபத்து. உடம்பில் உள்ள நீரெல்லாம் வெளியேறிவிடும். அடிக்கடி வந்தால் வளர்ச்சியும் பின்தங்கும்.

நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுவலி

1993ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஒரு நகரம். பெரிய ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆண்டு வசந்த காலத்தில் திடீரென்று ஊர் முழுக்க வயிற்றுப்போக்கு! சுமார் நான்கு லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று கணக்கிட்டார்கள். தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் கலந்திருந்தது.

அது ஏரிக்கு எப்படி வந்தது? சுற்றுவட்டாரத்தில் மாட்டுப் பண்ணைகள் நிறைய. கன்றுகளுக்கும் இதே நோய் வரும். ஆகவே எல்லோருடைய சந்தேகமும் மாடுகள் மேல்தான் போனது. நம் சிறுமியின் அம்மிச்சி சந்தேகப்பட்டாரே, அதே மாதிரி!

சில ஆண்டுகள் கழித்து, அந்த நோயாளிகளிடமிருந்து எடுத்துச் சேமித்து வைத்திருந்த மாதிரிகளை விஞ்ஞானிகள் மறுபடி ஆராய்ந்தார்கள். இந்த முறை நுண்ணோக்கியோடு நிற்கவில்லை. மரபணுவை வாசித்தார்கள். பார்த்தால், அது மாட்டிடம் வாழும் வகையே இல்லை. மனிதர்களிடம் வாழும் வகை! மனிதக் கழிவிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். மாடுகள் மேல் விழுந்த பழி நீங்கியது.

நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி உருண்டைதான். மரபணு மட்டும் எப்படி வித்தியாசம் காட்டியது?

கடலும் குடலும்

'கடல்' என்று எழுதுங்கள். முதல் எழுத்தை மட்டும் மாற்றிக் 'குடல்' என்று எழுதுங்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொருளோ எங்கேயோ போய்விட்டது!

உயிர்களின் மரபணுவும் இப்படி எழுத்துகளால் ஆனதுதான். நம் தமிழில் 247 எழுத்துகள். மரபணுவுக்கு நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. கிரிப்டோஸ்போரிடியத்தின் உடம்பில் இந்த எழுத்துகள் ஏறக்குறைய 90 லட்சம் இருக்கின்றன. 2004இல் முழுவதையும் வாசித்து முடித்தார்கள். மனிதரிடம் வாழும் வகைக்கும் மாட்டிடமும் மனிதரிடமும் வாழும் வகைக்கும் நூறு எழுத்துகளில் மூன்று முதல் ஐந்து எழுத்துகள்தான் வித்தியாசம். முதல் வகைக்கு 2002இல் 'ஹோமினிஸ்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். மற்றது 'பார்வம்'.

சரி, இத்துனூண்டு உயிரின் எழுத்தை எப்படி வாசிப்பது? அதற்கு ஒரு ஜெராக்ஸ் முறை இருக்கிறது. பி.சி.ஆர். என்று பெயர். கொரோனா பரிசோதனையில் கேட்டிருப்பீர்கள். மரபணுவின் ஒரு துண்டை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும், நான்கை எட்டாக்கும். இப்படி 30 முறை செய்தால் எத்தனை வரும்? பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 107 கோடிக்கு மேல் வரும்! சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போன கதை போலத்தான். இதைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸ் 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கிரிப்டோஸ்போரிடியத்தின் ஒரு மரபணுவில் டி-சி-ஏ, டி-சி-ஏ, டி-சி-ஏ என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் பத்து முறை வரும். இன்னொன்றில் இருபது முறை வரும். பூச்சரத்தில் எத்தனை பூ என்று எண்ணுவதுபோல விஞ்ஞானிகள் இதை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து ஹோமினிஸிலேயே பல உட்பிரிவுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, பெரியப்பா, சித்தப்பா என்று இருப்பதில்லையா? அதுபோல ஒட்டுண்ணிக்கும் பெரிய குடும்பம். இப்படி ஓர் இனத்துக்குள் இருக்கும் மரபணு வித்தியாசங்களைத்தான் மரபணுப் பன்மை என்கிறோம்.

வேலூர் சொன்ன சாட்சி

அமெரிக்கக் கதை சரி, நம் ஊரில் எப்படி?

நம் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் என்ற பெண் மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, பின்னர் ஆலமரமாக வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான் அந்த இடம். அங்கே ககன்தீப் காங் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளின் குடல் நோய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். லண்டன் ராயல் சொசைட்டிக்கு 2019இல் தேர்வானபோது, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ஆனார் ககன்தீப் காங்.

2002இல் தொடங்கி, வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளை அவர்கள் கவனித்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போவார்கள். "குழந்தைக்குச் சுகமா? வயிற்றால் போனதா?" என்று கேட்பார்கள். மல மாதிரியை எடுத்து வந்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், மூன்று வருடம் இதே வேலை!

கிரிப்டோஸ்போரிடியம் இருந்த மாதிரிகளின் மரபணுவை வாசித்தார்கள். மிகப் பெரும்பாலானவை மனித வகையான ஹோமினிஸ்! மாட்டிடமும் வாழும் பார்வம் சிலரிடம் இருந்தது. பூனைகளிடம் வாழும் வகைகூடத் தலைகாட்டியது. ஹோமினிஸிலும் ஒரே உட்பிரிவு இல்லை, பல உட்பிரிவுகள் கலந்திருந்தன. ஒரே தெருவில் ஒரே நோய் என்று நாம் நினைத்தது, உண்மையில் பல உறவினர்கள் சேர்ந்த கூட்டம்.

பின்னர் வேறு 410 குழந்தைகளை மூன்று வயது வரை கவனித்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். அவர்களில் 97 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்திருந்தது. பெரும்பாலான நேரம் வெளியே எந்த அறிகுறியும் இல்லை. பேதி இல்லை, அழுகை இல்லை. ஆனால் அப்போதும் அந்தக் குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குப் பரவும்.

இன்னொரு ஆய்வில் 176 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டில் தண்ணீர், மற்றவர்களுக்கு வழக்கமான குழாய்த் தண்ணீர். பாட்டில் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பெரிய வித்தியாசமே இல்லை! அப்படியானால் தண்ணீர் மட்டும் வழி அல்ல. கை, தரை, விளையாட்டுச் சாமான், சமையல் பாத்திரம் என்று பல வழிகள். மரபணு சொன்னதும் இதுதான். மனிதரிடமிருந்து மனிதருக்கு, கைமாறிக் கைமாறி வருகிறது.

எழுத்து மாறினால் மருந்தும் தோற்கும்

"எந்த வகையாக இருந்தால் என்ன, மருந்து கொடுத்தால் போகாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் மரபணுப் பன்மை முக்கியம்.

நம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் வீடுகளில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஊற்றினால் சில புழுக்கள் சாகாமல் தப்பிக்கும். ஆராய்ந்தபோது, அவற்றின் ஒரு மரபணுவில் 'டி-டி-சி' என்று இருந்த இடம் 'டி-ஏ-சி' என்று மாறியிருந்தது. ஒரே எழுத்து! கடல் குடலானது போல. அல்பெண்டசோலின் குடும்பத்து மருந்துகள் அந்தப் புழுவிடம் தோற்றுவிட்டன. தப்பித்த புழுவின் பிள்ளைகளும் அதே எழுத்தோடு பிறக்கும்.

மனிதப் புழுக்களிலும் அப்படி நடந்துவிடக் கூடாதே என்று விஞ்ஞானிகள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்கிறார்கள். 2017இல் வேலூர் பக்கத்துத் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் ஒரே சமயத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லாமல் ஊரில் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது.

கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ இதுவரை தடுப்பூசி இல்லை. இத்தனை உட்பிரிவுகள் இருக்கும்போது, ஒன்றை எதிர்க்கப் பழகிய உடம்பு அடுத்ததையும் எதிர்க்குமா? தடுப்பூசி செய்ய நினைப்பவர்கள் விடை தேடும் கேள்வி இது. உங்களில் ஒருவர் படித்துப் பெரியவராகி விடை சொல்லலாம்!

நாம் செய்ய வேண்டியது

* கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவுங்கள். சானிடைசர் போதாது.
* தம்பி தங்கைக்குக் கால் கழுவிவிட்டால், உடனே உங்கள் கையையும் கழுவுங்கள். கைக்குழந்தையின் மலம் 'ஒன்றும் செய்யாது' என்பது தவறு. அதையும் கழிப்பறையில்தான் போட வேண்டும்.
* சிறுவாணித் தண்ணீரோ, ஆழ்குழாய்த் தண்ணீரோ, எதுவானாலும் சின்னக் குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்து ஆறிய நீர் கொடுப்பது நல்லது. தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.
* மாடு, கன்று, ஆடு, பூனை எதைத் தொட்டாலும் கை கழுவுங்கள். பார்வம் வகை கன்றிடமிருந்து வரலாம் அல்லவா?
* பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.
* பள்ளியில் தரும் மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் அது மருந்தல்ல. ஆனால் புழுக்களுக்கு அதுதான் மருந்து.

செய்து பாருங்கள்!

உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் கொஞ்சம் வண்ணக் கோலமாவு தூவிக்கொள்ளுங்கள். இப்போது நண்பனுக்குக் கை கொடுங்கள். அவன் இன்னொருவனுக்குக் கை கொடுக்கட்டும். இப்படி எத்தனை பேர் வரை நிறம் போகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒருவர் வெறும் தண்ணீரிலும், ஒருவர் சோப்பிலும் கை கழுவிப் பாருங்கள். நகக்கண்ணைப் பார்க்க மறக்காதீர்கள்!

அந்தக் கன்று என்ன ஆனது?

நான் விசாரித்ததை எல்லாம் சிறுமியின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவள் தம்பியின் வயிற்றில் எந்த உயிர் இருந்தது என்று யாரும் மரபணு வரை பார்க்கவில்லை. வயிற்றுப்போக்குக்கு வைரஸ், பாக்டீரியா என்று வேறு காரணங்களும் எத்தனையோ உண்டு. ஆகவே கன்று முழு நிரபராதி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "சாட்சி இல்லாம கன்னு மேல பழி போடாதீங்க அம்மா. முதல்ல எல்லாரும் கையைப் பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பொடியனுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். வாசல் தொட்டிப் பக்கத்தில் ஒரு சோப்புப் பெட்டி வந்தது. தண்ணீர் காய்ச்சத் தனிக் குண்டா வந்தது. பொடியன் தவழும் இடத்துக்கும் கட்டுத்தறிக்கும் நடுவில் ஒரு படல் வந்தது.

அடுத்த ஆகஸ்டில் அவள் மறுபடி என் மேசைக்கு வந்தாள். இந்த முறை தயக்கமே இல்லை.

"தம்பி இப்ப நல்லா இருக்கறானுங்க டீச்சர். கன்னும் எங்க ஊட்லயேதானுங்க இருக்குது. நான் தொட்டுட்டுக் கை கழுவலீனா அம்மிச்சி இப்ப என்னையத்தான் வெய்யறாங்க!"